பாக்கெட்டின் பின்பக்கம்

கடலூர் செம்மண்டலத்தில் என் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் இருக்கிறது. அதில் முறுக்கு, மிக்சர் அடுக்கியிருக்கும் இடத்தில் நின்று ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்துத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துவிட்டுப் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். பில் போடும் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கடைக்காரர் கையில் குளிர்ந்த மாம்பழச் சாறு பாட்டிலோடு வந்தார்.

"சார், உக்காருங்க சார். ஃபேன் போடும்மா. சார் எந்த ஆபீஸ்ல இருந்து வரீங்க?"

"ஆபீஸ் எல்லாம் இல்லீங்க. வாங்கத்தான் வந்தேன்."

"எல்லா சரக்கும் கரெக்டா பில்லோடதான் சார் வாங்குறோம். தேதி முடிஞ்சத உடனே எடுத்துடுவோம். ஏய், அந்த மேல் அடுக்க எடும்மா!"

என் கண்ணெதிரே மேல் அடுக்கு காலியானது. நான் ஒரு கடலை மிட்டாய் பாக்கெட்டும் உப்பு மட்டும் போட்ட உருளைக்கிழங்கு வறுவலும் வாங்கிக்கொண்டு, கொடுத்த பானத்தைத் தொடாமல் வெளியே வந்தேன். மாம்பழச் சாறும் எனக்கு ஆகாது.

என் குடலுக்கு ஒரு கோளாறு இருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லை, மானத்துக்குத்தான். மஸ்கட்டில், நான் பக்கம் திருத்தும் பத்திரிகை அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் மருத்துவமனையில், உணவு ஆலோசகர் ஒருவர் 'லோ ஃபாட்மேப்' என்ற முறையை எழுதிக் கொடுத்தார். சிலவகைச் சர்க்கரைகள் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே நொதித்துக் காற்றாகவும் வலியாகவும் மாறுகின்றன, அவற்றைக் குறைக்க வேண்டும் என்பதுதான் விஷயம். வெங்காயம், பூண்டு, கோதுமை, பெரும்பாலான பருப்பு, பால், நன்றாகப் பழுத்த வாழைப்பழம், மாம்பழம், முந்திரி எல்லாம் விலக்கு. அரிசி, வேர்க்கடலை, வெல்லம் கொஞ்சம், உருளைக்கிழங்கு ஆகலாம்.

தமிழனுக்கு இதில் மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பாக்கெட்டின் பின்பக்கம் இருக்கிறது. அரிசி முறுக்கு என்று முன்பக்கம் போட்டிருக்கும். பின்பக்கம் உளுந்து மாவு இருக்கும். பெருங்காயத்தூளில் மைதா கலந்திருக்கும். 'மசாலாப் பொருட்கள்' என்ற ஒரே சொல்லுக்குள் பூண்டுத் தூளும் வெங்காயத் தூளும் பதுங்கிக் கிடக்கும். வேலையில் எனக்கு வாய்த்த கண் இந்த மாதிரி இடத்துக்குப் பொருத்தமான கண். எது எழுதியிருக்கிறது என்பதைவிட எது விடுபட்டிருக்கிறது என்று பார்க்கும்.

இந்தக் கோளாறை நான் என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. ஐம்பத்து நான்கு வயதில், போகிற வீட்டில் எல்லாம் முதலில் கழிப்பறை எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்ளும் மனிதன் நான். அதை எப்படிச் சொல்வது?

அன்று காலைதான் வந்து இறங்கியிருந்தேன். நெல்லிக்குப்பத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஆலைக்குள் நுழையக் காத்து வரிசையாக நின்றதில் பஸ் அசையவில்லை. எனக்கு முன் சீட்டில் இருந்தவர் போனில், "வந்துட்டேன்டா, கடலூர் பாலத்தாண்ட வந்துட்டேன்" என்று கத்திக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு மாட்டு வண்டிக்காரர் அதைக் கேட்டுவிட்டு, "ஆமாம்பா, பாலத்த இங்க தூக்கிகினு வந்துட்டாங்க" என்றார். பஸ்ஸே சிரித்தது. மஸ்கட்டில் பஸ்ஸில் யாரும் யாருக்கும் பதில் சொல்வதில்லை. சாலை வழுவழுவென்று போகும், அவ்வளவுதான்.

நான் வந்த காரியம் தங்கை மகள் கயல்விழியின் கல்யாணப் பேச்சு. சிதம்பரத்தில் படிக்கும்போது கூடப் படித்த பையன், பெயர் தமிழரசன். இப்போது கூட்டுறவு வங்கியில் இருக்கிறான். நாங்கள் திட்டக்குடிப் பக்கம் நிலம் வைத்திருந்த சாதி. அவன் வீட்டார் பட்டியல் சாதி. அவனுடைய அப்பா மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அம்மா பள்ளி ஆசிரியை. கயலின் அப்பா தனசேகர் ஒரு வருஷத்துக்கும் மேலாக முடியாது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் மஸ்கட்டில் இருந்து வாரா வாரம் போன் செய்து பேசினேன். காலம் மாறிவிட்டது என்றேன். படித்தவர்கள் நாமே இப்படி இருக்கலாமா என்றேன். கடைசியில் அவர், "நீங்க வந்து முன்ன நின்னா நான் பின்னால நிக்கறேன் மச்சான்" என்று இறங்கி வந்தார்.

முன்னால் நிற்பது என்பதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு குறிப்பான அர்த்தம் உண்டு. பெண் வீட்டார் பையன் வீட்டுக்குப் போகும்போது, மனம் ஒப்பவில்லை என்றால் காபியோடு எழுந்து வந்துவிடுவார்கள். இலையில் உட்கார்ந்து கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிவானது என்று பொருள். அந்த இலையில் முதலில் உட்கார வேண்டியவன் தாய்மாமன்.

சாயங்காலம் தனசேகர் சிரித்துக்கொண்டே வந்தார். "மச்சான், கடைக்காரன் எனக்குப் போன் பண்றான். 'ஃபுட் சேஃப்டில இருந்து வந்திருக்காரு, உங்க வீட்டுக்குள்ள போனாரு, உங்க சொந்தமா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க'ங்கறான். அப்படி என்னாதான் படிக்கறீங்க அதுல?"

உண்மையைச் சொல்ல நல்ல சந்தர்ப்பம். "பேப்பர்காரன் பழக்கம் மாப்ள. எழுத்தைப் பார்த்தா கை சும்மா இருக்காது" என்றேன்.

தங்கை மலர் மெதுவடையும் சின்ன வெங்காய சாம்பாரும் செய்திருந்தாள். "உனக்குத்தான்ணா. அங்க எங்க இப்படிக் கெடைக்கும்?" என்று பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வடை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாப்பிட்டேன். கேட்டு வாங்கியும் சாப்பிட்டேன். மஸ்கட் விதிகள் வளைகுடாவிலேயே நிற்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கயல் கைகழுவும் இடத்துக்கு வந்து ரகசியமாகச் சொன்னாள். "மாமா, நாளைக்கு அப்பா ஒங்களத்தான் பாத்துகினே இருப்பாரு. நீங்க உக்காந்தா அவரும் உக்காந்துருவாரு. தமிழு வீட்ல நான் சொல்லிட்டேன், எங்க மாமா மொத ஆளா உக்காருவாருன்னு."

"அதுக்குத்தானேம்மா வந்திருக்கேன்" என்றேன்.

மறுநாள் தனசேகரின் சிநேகிதர் காரில் கிளம்பினோம். நான், மலர், தனசேகர் மூன்று பேர். பெண் போகக் கூடாது என்பதால் கயல் வீட்டில் இருந்தாள். புதுச்சத்திரம் தாண்டி டயர் பஞ்சரானது. மாற்று டயரிலும் காற்று இல்லை. தனசேகர் சாலையோரம் நின்று, "சகுனமே சரியில்ல" என்றார். மலர், "டயருக்கு என்னா சகுனம்? காத்து இல்ல, அவ்ளோதான்" என்றாள். ஒரு மீன் வண்டிக்காரர் டயரை ஏற்றிக்கொண்டு போய்ச் சரி செய்து வர, பாதிக் காலை போய்விட்டது.

சிதம்பரத்துக்குள் நுழைந்தபோது மூவருக்கும் பசி. தேர் ஓடும் வீதி ஒன்றில் ஒரு சின்ன ஓட்டலில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டோம். சிதம்பரம் கொத்சைப் பற்றி எழுத ஒரு பக்கம் வேண்டும். சுட்ட மிளகாய் வாசம், புளிப்பு, கரண்டியில் இருந்து சோம்பலாக விழும் பதம். அதில் வெங்காயம் உண்டு என்று எனக்குத் தெரியும், கண்ணுக்கே தெரிந்தது. இரண்டாம் முறையும் வாங்கினேன். பரிமாறியவர், "சார் வெளியூரா? வெளியூர்காரங்கதான் இட்லிய விட்டுட்டு கொத்சத் தின்னுவாங்க" என்றார். பெருமையாக இருந்தது.

பெருமை வண்டி கிளம்பும்வரைதான். முதல்நாள் வடையும் அன்றைய கொத்சும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு வயிற்றுக்குள் புரள ஆரம்பித்தன. ஒரு கடையில் நிறுத்தச் சொல்லி மூடி போட்ட தண்ணீர் பாட்டில் வாங்கினேன். இனி மஸ்கட் போகும்வரை விதியை மீறுவதில்லை என்று அந்தக் காரில்தான் உறுதி எடுத்தேன். அதை எடுத்த இடமும் நேரமும் எப்படிப்பட்டவை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஊரின் ஓரத்தில் புதிய வீடு. வாசலில் செம்பருத்தி. தமிழரசனின் அப்பா முருகையன் வேட்டி சட்டையில் தெருவுக்கே வந்து கைகூப்பினார். அவர் மனைவி செல்வி டீச்சர் உள்ளே அழைத்தார். முருகையனின் அக்கா அஞ்சலை, வெற்றிலை போட்ட வாயோடு, கூடத்துச் சுவரில் சாய்ந்து எங்களை அளந்துகொண்டிருந்தார். தமிழரசன் நாற்காலிகளை நகர்த்தி நகர்த்தி வைத்தான்.

காபி வந்தது. "பால் ஒத்துக்காதுங்க" என்றேன். தண்ணீர்ச் சொம்பு வந்தது. "கையிலயே வச்சிருக்கேன்" என்று பாட்டிலைக் காட்டினேன். தட்டில் ஜாங்கிரியும் மிக்சரும் வாழைப்பழமும் வந்தன. மூன்றையும் பார்த்தேன். கோதுமை இல்லாவிட்டால் உளுந்து, உளுந்து இல்லாவிட்டால் கடலை மாவு, பழம் கறுப்புப் புள்ளி விழப் பழுத்தது. "இப்பதான் சாப்பிட்டு வந்தோம்" என்றேன். செல்வி டீச்சர் தட்டைக் கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றார். பிறகு என் பக்கத்து முக்காலியில், சொம்புக்கு அருகே வைத்துவிட்டுப் போனார். தனசேகர் காபியை வாங்கிக் கையில் வைத்திருந்தார். குடிக்கவில்லை.

நான் கழிப்பறை கேட்டுப் போனேன். திரும்பி வந்து மறுபடியும் போனேன். மாத்திரை போட வேண்டும், அதற்கு வயிற்றில் ஏதாவது போட வேண்டும். வீட்டுக்குப் பின்னால் மோட்டார் தொட்டியருகே போய், சட்டைப் பையில் இருந்த கடலை மிட்டாய் பாக்கெட்டை எடுத்தேன். பழக்க தோஷம், பிரிப்பதற்கு முன் பின்பக்கத்தை வெயிலில் பிடித்து இன்னொரு முறை படித்தேன். வேர்க்கடலை, வெல்லம், திரவக் குளுக்கோஸ். பிரித்து ஒரு துண்டை வாயில் போட்டேன்.

"என்னா சாமி, வெயில்ல நின்னு படிப்பு?"

துணிக்கொடிக்கு அந்தப் பக்கம் அஞ்சலை நின்றிருந்தார். நான் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினேன்.

"ஒண்ணுமில்லம்மா. மாத்திரை போடணும்."

அவர் பாக்கெட்டைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார். "எங்க தெருவுக்கு அப்ப ஓட்டு கேட்டு வருவாங்க, பெரிய பெரிய ஆளுங்க. எங்கப்பன் ஓடிப்போயி சோடா வாங்கியாருவாரு. மூடி தொறக்காத சோடாதான் குடிப்பாங்க. பேப்பர் பிரிக்காத பிஸ்கட்டுதான் தின்னுவாங்க. எங்க கை படாததா இருக்கணும் பாருங்க. நீங்க அந்தச் செலவும் வைக்கல. எல்லாம் கையோட கொண்டாந்துட்டீங்க."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். கொடியில் இருந்து ஒரு துண்டை எடுத்து உதறி மடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். வாயில் வெல்லம் ஒட்டிக்கொண்டிருந்தது. வந்ததில் இருந்து நான் செய்த ஒவ்வொன்றையும், காபி, சொம்பு, தட்டு, பாட்டில் என்று, அவர்கள் கண்ணால் ஒருமுறை வரிசையாகப் பார்த்தேன். எனக்கே வேறு அர்த்தம் கிடைக்கவில்லை. பாக்கெட்டைத் தொட்டிச் சுவரில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

கூடத்தில் இலை போட்டிருந்தது. யாரும் உட்காரவில்லை. செல்வி டீச்சர் கரண்டியோடு நின்றார். தனசேகர் வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க மாப்ள?" என்றேன்.

"நீங்களே ஒண்ணும் தொடல மச்சான். எனக்கு மட்டும் என்னா வந்துச்சி? இன்னொரு நாள் பாத்துக்கலாம்." அவர் குரலில் கோபம் இல்லை. பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. ஒரு வருஷமாகத் தேடிய வழியை நானே திறந்து கொடுத்திருந்தேன்.

முருகையன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "பரவால்ல சார். நீங்க வந்ததே சந்தோஷம்" என்றார். டீச்சர் தரையைப் பார்த்துச் சொன்னார். "கறி எடுத்தா யாராவது விரதம்னு சொல்லிடுவாங்கன்னு சைவமாவே வச்சோம். சுகர் இருந்தா ஆகாதுன்னு பாயசத்தத் தனியா எடுத்து வச்சேன். வேற என்னா கொறன்னு தெரியல."

எல்லாச் சாக்கையும் முன்கூட்டியே யோசித்து அடைத்துவிட்டுத்தான் அந்த வீடு எங்களுக்காகக் காத்திருந்தது. என் சாக்கு மட்டும் அவர்கள் கேள்விப்படாதது.

அப்போது சொன்னேன். இத்தனை வருஷம் கூடப் பிறந்தவளிடம்கூடச் சொல்லாததை, முன்பின் தெரியாதவர்கள் கூடத்தில், இலைக்கு முன்னால் நின்று சொன்னேன். குடல், நொதிப்பு, கழிப்பறை, வெங்காயம், பூண்டு, மஸ்கட் ஆலோசகர், எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல என் காதுக்கே அது புதிதாகக் கட்டிய கதை போலக் கேட்டது.

அஞ்சலை தலையாட்டினார். "ஆங். ஒருத்தருக்கு சஷ்டி. ஒருத்தருக்கு சுகரு. ஒருத்தருக்கு இப்பதான் சாப்பிட்டு வந்தோம். ஒங்களுக்குக் கொடலு. ஜாஸ்தி படிச்சவங்க, பேரும் புதுசாத்தான் இருக்கும்."

"அக்கா, சும்மா இரு" என்றார் முருகையன்.

மலருக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்குத் தெரியாம என்னா வியாதிணா ஒனக்கு? நேத்து வடைய கேட்டுக் கேட்டு வாங்கின. காலையில ஓட்டல்ல கொத்சு ரெண்டு வாட்டி வாங்கின. அதுல இல்லாத வெங்காயமா இங்க மட்டும் இருக்கு?"

மின்விசிறியில் இலைகளின் நுனி படபடத்தது.

அவள் சொன்னதில் தவறான தகவல் ஒன்றும் இல்லை. என் தங்கை வீட்டில், என் சாதி வீட்டில், விதியை மீறினேன். யார் சமைத்தார்கள் என்றே தெரியாத ஓட்டலில் மீறினேன். இந்த வீட்டில் மட்டும் கடைப்பிடித்தேன். வலி வந்ததால்தான் என்று எனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைக்கிறேன். வலி இல்லாதிருந்தால் அந்தச் சொம்பை வாங்கியிருப்பேனா என்று கேட்டால், வாங்கியிருப்பேன் என்று உடனே பதில் வருகிறது. இவ்வளவு சீக்கிரம் வரும் பதிலை அச்சுக்கு அனுப்புவதற்கு முன் நான் இன்னொரு முறை சரிபார்க்கச் சொல்வேன்.

முக்காலியில் இருந்த சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். கையைக் கழுவிக்கொண்டு போய் முதல் இலையில் உட்கார்ந்தேன்.

"வேணாம் சார். கட்டாயத்துக்கு சாப்ட்டா ஒடம்புக்கு ஆகாது" என்றார் முருகையன். அதில் குத்தல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"போடுங்க டீச்சர்" என்றேன்.

சாம்பாரில் சின்ன வெங்காயம் முழுசு முழுசாகக் கிடந்தது. ரசத்தில் பூண்டு நசுக்கிப் போட்டிருந்தது. கீரை, வாழைக்காய் வறுவல், அப்பளம். ருசியைப் பற்றி எழுத வேண்டும், பயணத்தில் சாப்பிட்டதை எழுதாமல் இருப்பதில்லை. ஆனால் எனக்கு ருசி நினைவில்லை. எதிரே காலியாக இருந்த இலை நினைவிருக்கிறது. நான் இரண்டாம் முறை ரசம் கேட்டபோது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. தனசேகர் மெதுவாக வந்து அந்த இலையில் உட்கார்ந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் சோற்றில் கை வைத்தார். செல்வி டீச்சர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாயசம் எடுக்க உள்ளே போனார். அதையும் குடித்தேன். பால், முந்திரி.

கிளம்பும்போது அஞ்சலை கார் ஜன்னலுக்கு வந்தார். நான் தொட்டிச் சுவரில் விட்டிருந்த கடலை மிட்டாய் பாக்கெட்டின் வாயை மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, என்னிடம் நீட்டினார். "மறந்துட்டீங்க. எறும்பு ஏறிடப் போவுது." அவ்வளவுதான். அவர் என்னை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நம்ப வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

திரும்பும் வழியில் புதுச்சத்திரம் பெட்ரோல் பங்கில் ஒருமுறை, ஆலப்பாக்கத்தில் ஒருமுறை வண்டியை நிறுத்தச் சொன்னேன். இரண்டாம் முறை தனசேகரே இறங்கி வந்து கழிப்பறைக் கதவுக்கு வெளியே தண்ணீர் பாட்டிலோடு நின்றார். "நெசமாத்தான் போல" என்றார். நிஜம் என்று நிரூபணமான நேரத்தில் அதற்குப் பயன் ஒன்றும் இருக்கவில்லை.

செம்மண்டலத்தில் கயல் வாசலிலேயே நின்றாள். கையில் போன்.

"மாமா, சாப்ட்டீங்களா?"

"சாப்பிட்டேன்மா."

"மொத ஆளாவா?"

என் கையில் ரப்பர் பேண்ட் போட்ட பாக்கெட் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், பின்னால் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தனசேகர் சொன்னார்:

"ஒங்க மாமாதான் மொதல்ல கை வச்சாரு. அப்புறந்தான் நானு."

மலர் உள்ளே போய்விட்டாள். கயல் என் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி மாடிக்கு ஓடினாள். "நான் சொல்லல? எங்க மாமா அப்படித்தான்" என்று அவள் சொல்வது படியில் கேட்டது.

தனசேகர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் சொன்ன வாக்கியத்தில் திருத்த ஒரு எழுத்தும் இல்லை.